பழம்பொறிக்குப் புத்துயிர் அளித்தவர்

உலகில் அருஞ்செயல் ஆற்றியோர் இருவகையர். செல்வமும் கருவியும் துணைவரும் நிரம்பப் பெற்று, அவற்றின் வலியால் அரியன முடித்தோர் ஒருவகையர். கைப்பொருள் சுருங்கியிருந்தும் ஊக்கம் சுருங்காது, கிடைத்ததைக் கொண்டே கிடைத்தற்கரியதை எய்தினோர் மற்றொரு வகையர். இவ்விரண்டாம் வகையினருள் வைத்து எண்ணத்தக்கவர் நியூசிலாந்து நாட்டினரான பர்ட் மன்ரோ என்பவர். தாம் இளமையில் வாங்கிய மோட்டார் சைக்கிள் ஒன்றையே வாழ்நாளெல்லாம் திருத்தித் திருத்தி, அதனைக் கொண்டே தம் அறுபத்தெட்டாம் வயதில் உலகம் வியக்கும் வேகத்தை அடைந்தவர் அவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

நியூசிலாந்து என்பது ஆஸ்திரேலியாவிற்குத் தென்கிழக்கே பசிபிக் பெருங்கடலில் அமைந்த தீவு நாடாகும். அதன் தென்தீவின் தென்கோடியில் இன்வெர்கார்கில் என்னும் நகரம் உள்ளது. 1899ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் மன்ரோ அந்நகரிற் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ என்பது. அப்பெயரைச் சுருக்கி யாவரும் அவரைப் பெர்ட் என்றே அழைத்து வந்தனர். பல்லாண்டுகட்குப் பின்னர் அமெரிக்க இதழொன்று அதனைப் பர்ட் எனப் பிழைபட அச்சிட்டது. அவர் அதற்குச் சினந்தாரல்லர். அப்புதுப்பெயரையே தம் பெயராக ஏற்றுக் கொண்டார்.

மன்ரோவுடன் இரட்டையாகப் பிறந்த பெண்மகவு பிறந்தவுடனேயே இறந்தது. எஞ்சிய ஆண்மகவும் ஈராண்டுக்கு மேல் உயிர் வாழ்தல் அரிது என மருத்துவர் கருதினர். அவர் கருதியது பொய்த்தது. எடென்டேல் என்னும் சிற்றூர்ப் பண்ணையிற் குழந்தை நன்கு வளர்ந்து வலிய சிறுவன் ஆயிற்று. பண்ணையில் இருந்த குதிரைகளுள் மிக விரைந்து ஓடுவது எதுவோ அதன்மீதே ஏறிச் செலுத்துதல் சிறுவன் மன்ரோவின் வழக்கம். தந்தையார் கடிந்தும் அவ்வழக்கம் மாறவில்லை. விரைவின்பால் அவர் கொண்ட வேட்கை அவருடன் பிறந்ததே போலும்!

பருவம் எய்தியபின் அவர் உள்ளம் குதிரையை விட்டு மோட்டார் சைக்கிளை நாடிற்று. முதலாம் உலகப்போர் முடிந்த காலத்தில் பக்கவண்டி பூட்டிய கிளைனோ என்னும் மோட்டார் சைக்கிள் ஒன்றை அவர் வைத்திருந்தார். பக்கவண்டியைக் கழற்றிவிட்டால் வண்டியின் சுமை குறையும். சுமை குறைந்தால் வேகம் மிகும் என எண்ணி, அவ்வாறே கழற்றிவிட்டுப் பந்தயங்களில் ஓட்டி வெற்றி கண்டார். பொருள் செலவிடாமலே பொறியின் ஆற்றலைக் கூட்டலாம் என்னும் உண்மையை அவர் உணர்ந்தது அப்பொழுதுதான்.

1920ஆம் ஆண்டில் அவர் வேறொரு வண்டியை வாங்கினார். அதன் பெயர் இந்தியன் ஸ்கவுட் என்பது. பெயரைக் கேட்டு அது நம் நாட்டிற் செய்யப்பட்டது எனக் கருதற்க. அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த தொழிற்சாலையில் அது செய்யப்பட்டது. அமெரிக்காவின் பழங்குடி மக்களை இந்தியர் என வழங்கிய வழக்கினால் அத்தொழிற்சாலை அப்பெயர் பூண்டது. அவ்வண்டியின் எஞ்சினில் இரு சிலிண்டர்கள் கவட்டை போலச் சாய்ந்து நின்றன. அவற்றின் கொள்ளளவு 600 கன சென்டிமீட்டர். அது மணிக்கு 55 மைல், அஃதாவது ஏறத்தாழ 89 கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் செல்லாது. அக்காலத்துச் சாலைகட்கு அவ்வேகம் போதியதே. மன்ரோவின் உள்ளத்திற்கோ அது போதவில்லை.

புது வண்டி வாங்க அவர்க்குப் பொருள் இல்லை. மோட்டார் சைக்கிள் விற்கும் கடையொன்றில் விற்பனையாளராக அமர்ந்து, அவ்வூதியத்தைக் கொண்டு அவர் வாழ்ந்து வந்தார். தொழிற்சாலையார் செய்து விற்கும் பந்தய உறுப்புகளையும் அவரால் விலை கொடுத்து வாங்க இயலவில்லை. ஆகவே, இருக்கும் வண்டியையே திருத்துவது என்றும், வேண்டும் உறுப்புகளைத் தாமே செய்து கொள்வது என்றும் அவர் முடிவு செய்தார். 1926ஆம் ஆண்டில் தொடங்கிய அத்திருத்தப் பணி, அவர் முதுமை எய்தி ஓயும்வரை நடந்தது.

பகலெல்லாம் கடையில் உழைப்பார். மாலையில் வீடு திரும்பிப் பட்டறையிற் புகுவார். நள்ளிரவு கடந்தும் விளக்கொளியில் அரத்தை இழைத்துக் கொண்டிருப்பார். சில நாள்களில் பொழுது புலரும்வரை பணி நீள்வதும் உண்டு. அப்பட்டறையில் விலையுயர்ந்த எந்திரங்கள் நிறைந்திருக்கவில்லை. பிறர் பயனற்றவை எனத் தூக்கி எறிந்த பொருள்களே அங்கு நிறைந்திருந்தன. உலோகத்தின் கனத்தை நுட்பமாக அளக்கும் கருவியைச் சக்கரத்தின் பழைய ஆரக்கம்பியிலிருந்து அவர் செய்து கொண்டார். ஓட்டைத் தகரக் குவளைகள் அவர்க்கு வார்ப்பு அச்சுகள் ஆயின. பயனற்ற உலோகத் துண்டுகளை உருக்கி அவ்வச்சுகளில் ஊற்றிப் பிஸ்டன்களை வார்த்தார். பழைய இரும்புக் குழாய்கள் அவர் கைப்பட்டுச் சிலிண்டர்களாக மாறின. பிஸ்டனையும் சுழல் அச்சையும் இணைக்கும் தண்டு மிக்க வலிமை உடையதாதல் வேண்டும். அதற்கென அவர் தேர்ந்தது பழைய டிராக்டர் ஒன்றின் அச்சாகும். எஃகாலான அவ்வச்சைப் பல நாள் அராவி, தண்டின் உருவாக்கி, நெருப்பிலிட்டுப் பதப்படுத்தினார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்னும் முதுமொழியின் உண்மையை அப்பட்டறையிற் கண்கூடாகக் காணலாம்.

மன்ரோ செய்தவற்றை வெறும் கைத்திறன் என்று மட்டும் எண்ணற்க. அவற்றின் பின்னே ஆழ்ந்த அறிவு இருந்தது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் எரிந்து விரிவதனால்தான் எஞ்சின் இயங்குகின்றது. அக்கலவை உட்புகும் வாயிலையும், எரிந்த புகை வெளியேறும் வாயிலையும் திறந்து மூடுவன வால்வுகள். மன்ரோவின் வண்டியில் அவை சிலிண்டரின் பக்கத்தே அமைந்திருந்தன. அதனால் கலவை வளைந்து நெளிந்து உட்செல்ல வேண்டியதாயிற்று. விரைந்து ஓடுங்கால், வேண்டும் அளவு கலவை உள்ளே புக நேரம் போதாது. இக்குறையை உணர்ந்த மன்ரோ, வால்வுகளைச் சிலிண்டரின் தலைமேல் அமையுமாறு மாற்றினார். சிலிண்டரின் கொள்ளளவையும் படிப்படியாகப் பெருக்கினார். 600 கன சென்டிமீட்டராக இருந்த அது 850 ஆயிற்று. பின்னர் 920 ஆயிற்று. இறுதியில் 950 ஆயிற்று.

ஒன்றைப் பெருக்கினால் மற்றொன்று உடையும். இது பொறிகளின் இயல்பு. எஞ்சினின் சுழற்சி இருமடங்கானால் பிஸ்டனையும் தண்டையும் இழுக்கும் விசை நான்கு மடங்காகும். பழைய வண்டியின் உறுப்புகள் அவ்விசையை எவ்வாறு தாங்கும்? ஓட்டந்தோறும் ஏதேனும் ஒன்று முறியும். பல மாதம் முயன்று செய்த தண்டு நொடிப்பொழுதில் ஒடிந்து, அதனைச் சூழ்ந்த உறுப்புகளையும் நொறுக்கிவிடும். இத்தகைய இழப்பு நேர்ந்தால் நம்மவருட் பலர் வண்டியை விற்றுவிட்டு வேறு தொழில் தேடியிருப்பர். மன்ரோ அவ்வாறு செய்தாரல்லர். உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, எவ்விடத்தில் முறிந்தது, எதனால் முறிந்தது என ஆராய்வார். காரணம் அறிந்தபின் அவ்விடத்தை வலுப்படுத்தி வேறோர் உறுப்புச் செய்யத் தொடங்குவார்.

உடைந்த உறுப்புகளை அவர் வீசி எறியவும் இல்லை. பட்டறைச் சுவரில் அமைந்த மரப்பலகையின்மீது அவற்றை வரிசையாக அடுக்கி வைத்தார். அவை வேகத்திற்குரிய தெய்வத்திற்குத் தாம் படைத்த காணிக்கைகள் என்னும் பொருள்பட எழுதியும் வைத்தார். தம் தோல்விகளை மறைத்து வெற்றிகளை மட்டும் காட்டுதல் மக்கள் இயல்பு. தோல்விகளைக் கண்முன் நிறுத்தி, அவற்றை நாள்தோறும் பார்த்துக் கற்றவர் மன்ரோ. அப்பலகையே அவர்க்குப் பள்ளியும் ஆசானும் ஆயிற்று எனலாம்.

இன்வெர்கார்கில் நகருக்கு அண்மையில் ஒரெட்டி என்னும் கடற்கரை உண்டு. மணல் இறுகி, அகன்று நீண்டு கிடக்கும் அக்கரையே மன்ரோவின் ஆய்வுக்களம். பட்டறையிற் செய்த திருத்தம் நன்றோ தீதோ என்பதை அவர் அங்குதான் தேர்ந்து அறிவார். 1938ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாட்டின் வேகச் சாதனையொன்றை அவர் முதன்முதலாக ஏற்படுத்தினார். அதன்பின் வேறு பல சாதனைகளும் தொடர்ந்தன. வெலோசெட் என்னும் மற்றொரு மோட்டார் சைக்கிளையும் அவர் திருத்தி ஓட்டினார். எனினும் அவர் உள்ளம் முழுதும் நிறைந்திருந்தது பழைய இந்தியனே.

இத்துணைப் பெரிய வேட்கைக்கு அவர் கொடுத்த விலையையும் மறைத்தல் ஆகாது. இரவும் பகலும் பொறியே நினைவாய் இருந்தவர்க்கு இல்லற வாழ்க்கை இனிது நடவாது போயிற்று. 1947ஆம் ஆண்டளவில் அவரும் மனைவியாரும் பிரிந்தனர். பின்னாளில் சிறு கொட்டகையொன்றே அவர்க்கு வீடும் பட்டறையும் ஆயிற்று. ஒருபால் படுக்கை; மறுபால் எந்திரம். தொழிலையும் விட்டுவிட்டு அவர் முழுநேரமும் வண்டிப் பணியிலே கழித்தார். பலமுறை விழுந்து காயமுற்றார். முதுமை தொடங்குங்கால் இதயநோயும் வந்து பற்றிற்று. பிறராயின் அந்நிலையில் ஓய்வை நாடியிருப்பர். அவரோ தம் வாழ்வின் பெரும்பணி இனிமேல்தான் தொடங்க உள்ளது எனக் கருதினார்.

அமெரிக்க நாட்டு யூட்டா மாநிலத்தில் பான்வில் என்னும் உப்புவெளி உள்ளது. முன்னொரு காலத்தில் பேரேரியாய் இருந்து நீர் வற்றியமையால், அங்கு நிலம் வெள்ளைவெளேரெனத் தட்டையாய்க் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை பரந்து கிடக்கின்றது. மரமில்லை, மேடு பள்ளமில்லை. ஆதலின் உலகின் விரைவு வண்டிகள் தம் ஆற்றலைக் காட்டும் களமாக அது விளங்குகின்றது. அக்களத்தில் தம் வண்டியை ஓட்டிப் பார்த்தல் வேண்டும் என்பது மன்ரோவின் நெடுநாள் அவா.

மணல்வெளியில் ஓட்டிய வண்டியை அப்படியே அங்குக் கொண்டு செல்லல் பயன் தராது என்பதை அவர் அறிவார். வேகம் மிக மிக, அதனைத் தடுக்கும் பெரும்பகை காற்றே. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்லும் ஆற்றலோ எட்டு மடங்கு வேண்டும். 55 மைல் வேகத்திற்கென அமைந்த வண்டி 183 மைல் வேகத்தில் ஓட வேண்டுமாயின், காற்றை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 37 மடங்கு ஆற்றல் தேவைப்படும். அத்துணை ஆற்றலை அப்பழைய எஞ்சினிலிருந்து பெறுதல் இயலாது. எனவே காற்றின் தடையைக் குறைப்பதே வழி. இதனை உணர்ந்த மன்ரோ, மீனின் உடல் போன்று முன்பின் கூம்பிய கூடு ஒன்றை வண்டிக்கு அமைத்தார். முதலில் அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி நெடுநாள் முயன்றார், அது பயன்படவில்லை. பின்னர்க் கண்ணாடி இழையால் வேறொரு கூடு செய்தார். ஓட்டுபவர் அக்கூட்டினுள் வண்டியின்மேல் குப்புறப் படுத்தவாறே செலுத்துதல் வேண்டும்.

1962ஆம் ஆண்டில் மன்ரோ தம் வண்டியுடன் கடல் கடந்து பான்வில் சென்றார். அப்பொழுது அவர்க்கு வயது 63. வண்டிக்கு வயது 42. பெரிய நிறுவனங்களின் துணை பெற்ற புதுவண்டிகள் திரண்டிருந்த அவ்விடத்தில், தகரக் குவளையில் வார்த்த பிஸ்டன்களைத் தாங்கிய அப்பழைய வண்டியைக் கண்டோர் என்ன எண்ணியிருப்பர்! ஆயினும் அவ்வாண்டில் மணிக்கு 178.95 மைல், அஃதாவது 288 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, 883 கன சென்டிமீட்டர் வகுப்பில் அவர் உலகச் சாதனை நிறுவினார். 1966ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு சாதனை படைத்தார். அவ்வாண்டின் வேகம் 168.07 மைல்.

1967ஆம் ஆண்டே அவர் வாழ்வின் சிகரமாகும். ஆயினும் அச்சிகரத்தின் பக்கத்திலேயே சாவும் நின்றிருந்தது. அவ்வாண்டின் ஓட்டமொன்றில், பாதிக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்த நிலையில், வண்டி இருபுறமும் ஆடி நடுங்கத் தொடங்கிற்று. அத்துணை வேகத்தில் தடையை அழுத்துதல் ஆபத்து. ஆகவே தம் உடலையே தடையாக்கக் கருதி, படுத்திருந்த மன்ரோ நிமிர்ந்து அமர்ந்தார். சீறி வந்த காற்று அவர் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. கண் தெரியவில்லை. வண்டி பாதையை விட்டு விலகி ஓடி, எல்லை காட்ட நட்டிருந்த எஃகுக் கம்பம் ஒன்றைச் சில அங்குல இடைவெளியில் தாண்டிற்று. வேறு வழியின்றி வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து நிலத்தில் வீழ்த்தினார். சிறு சிராய்ப்புகளுடன் உயிர் தப்பியது வியத்தற்குரியதேயாம்.

அங்கு ஒரு வழியில் மட்டும் விரைந்து ஓடினால் சாதனை ஆகாது. பின்னிருந்து வீசும் காற்று துணைபுரிதல் கூடுமன்றோ? ஆதலின் சென்ற வழியே எதிர்த்திசையிலும் ஓடி, இரண்டின் சராசரியைக் கணக்கிட வேண்டும் என்பது விதி. அவ்விதியின்படி, 1967ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், 1000 கன சென்டிமீட்டருக்கு உட்பட்ட வகுப்பில், மன்ரோவின் வேகம் மணிக்கு 183.59 மைல் எனப் பதிவாயிற்று. தகுதி பெறுதற்காக ஒரு வழியில் ஓடிய ஓட்டத்தில் அவர் 190.07 மைல், அஃதாவது ஏறத்தாழ 306 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். 89 கிலோமீட்டர் ஓடிய வண்டி 306 கிலோமீட்டர் ஓடியது! அப்பொழுது வண்டிக்கு வயது 47. ஓட்டியவர்க்கு வயது 68.

இச்சாதனையைப் பற்றிய செய்தி ஒன்று சுவை மிக்கது. மன்ரோ மறைந்து 36 ஆண்டுகள் சென்றபின், 2014ஆம் ஆண்டில், அவர்தம் மைந்தர் பழைய கணக்கை மீளவும் பார்த்தார். சராசரி கண்டதில் பிழை நேர்ந்திருத்தல் தெரிந்தது. உரிய சங்கத்தார் அதனை ஆராய்ந்து, உண்மை வேகம் 184.087 மைல் எனத் திருத்தி அறிவித்தனர். வாழ்நாள் முழுதும் திருத்தமே தொழிலாகக் கொண்டவரின் சாதனை, அவர் மறைந்த பின்னும் திருத்தம் பெற்றது பொருத்தமே அன்றோ?

1977ஆம் ஆண்டில் மன்ரோ வாதநோயால் தாக்குண்டார். இனித் தம்மால் வண்டியைச் செலுத்த இயலாது என உணர்ந்தார். தம் வண்டிகள் பிறந்த மண்ணை விட்டு நீங்கலாகாது என விரும்பி, இன்வெர்கார்கில் வணிகர் ஒருவருக்கு அவற்றை விற்றார். 1978ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், தம் 78ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். 2005ஆம் ஆண்டில் அவர் வாழ்வைத் தழுவிய திரைப்படம் ஒன்று வெளிவந்து, அவர் புகழை உலகெங்கும் பரப்பிற்று. மறு ஆண்டில் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தின் புகழாளர் மண்டபத்தில் அவர் பெயரும் இடம் பெற்றது.

மாணவர்களே, மன்ரோவின் செயல் அனைத்தும் நாம் பின்பற்றத் தக்கனவல்ல. உயிரைப் பணயம் வைத்து விரைதல் எல்லார்க்கும் உரியதன்று. அதிலும், மக்கள் நடமாடும் தெருவில் விரைதல் பழிக்கத் தக்கது. மன்ரோ ஓட்டிய சாதனை ஓட்டங்கள் ஆளில்லாப் பரந்த வெளியில், முறையோடு நடந்தவை என்பதை மறவற்க. மனையறத்தை இழந்து பெறும் புகழும் முழுமையான புகழன்று.

ஆயினும் அவரிடம் நாம் கற்க வேண்டுவது மிகுதி. கைப்பொருள் இன்மையை அவர் ஒரு தடையாகக் கருதவில்லை. உறுப்புகளை விலைக்கு வாங்க இயலாமையால் அவரே அவற்றைச் செய்தார். தாமே செய்தமையால் அவற்றின் இயல்பை நுணுகி அறிந்தார். அறிந்தமையால் மேலும் திருத்தினார். செல்வம் இருந்திருந்தால் வாங்கிப் பூட்டியிருப்பார்; அவ்வறிவு வாய்த்திராது. வறுமை அவரைத் தளரச் செய்யாது, அறிவாளி ஆக்கியது. உடைந்த ஒவ்வொரு துண்டும் ஒரு பாடம் ஆயிற்று. நம் வீட்டில் பழுதுற்றுக் கிடக்கும் பொருளொன்றை எடுத்து, அது ஏன் பழுதுற்றது என ஆராய்ந்து, நம் கையால் செம்மை செய்ய முயல்வோமாயின், நாமும் மன்ரோ சென்ற வழியில் முதலடி வைத்தவர் ஆவோம்.